அப்பா பெயரால் அழைப்பதா, அப்பா பெயரால் மேற்கோள் காட்டுவதா?



நெதர்லாந்தில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாண்டு ஆய்வுப் பணி கிடைத்திருப்பதாகச் சென்ற ஆண்டு ஜூலையில் இங்கே எழுதியிருந்தேன். பலரும் வாழ்த்தியிருந்தீர்கள். செப்டம்பரில் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இதை எழுதும் மார்ச் மாத இறுதியிலும் பெங்களூருவில், அதே ஆய்வு மாணவர் விடுதியின் அதே அறையில் இருக்கிறேன். “இன்னும் போகவில்லையா?” என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியே விடை சொல்லிக் களைத்துவிட்டதால் இந்த நீண்ட பதிவு.

என் கதையைச் சொல்வது மட்டும் நோக்கமன்று. அயல்நாட்டு ஆய்வு வாய்ப்பு என்றவுடன் நாம் தகுதி, உதவித்தொகை, ஆங்கிலத் தேர்வு ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறோம். அவற்றையெல்லாம் கடந்த பின் வரும் காகித வேலையை எழுத்தர் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். அது தவறு என்பது என் கருத்து. யார் புறப்படுகிறார், யார் நின்றுவிடுகிறார் என்பதைத் தீர்மானிக்கும் இரண்டாவது நுழைவுத் தேர்வு அது. அதற்குப் பாடத்திட்டம் இல்லை. வீட்டில் முன்பே அதை எழுதித் தேறியவர் ஒருவர் இருந்தால் மட்டுமே வினாத்தாள் முன்கூட்டித் தெரியும். முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர்களுக்கு வினாக்கள் ஒவ்வொன்றாக, விடை எழுதும் நேரம் முடிந்த பிறகே வருகின்றன.

எனக்கு வந்த முதல் வினா என் பெயர்.

பத்தொன்பது வயதில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தை வெற்றாக விட்டேன். நம்மில் பலர் செய்வதுதான். இந்தியக் கடவுச்சீட்டு அதற்கு இடம் தருகிறது. ஆனால் பல்கலைக்கழகம் அனுப்பிய பணியேற்புப் படிவம் இடம் தரவில்லை. குடும்பப் பெயர்க் கட்டத்தின் அருகே சிவப்பு உடுக்குறி. நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக இயலாது. யாரோ சொன்ன அறிவுரைப்படி அப்பாவின் பெயரை அங்கே இட்டேன். மூன்று வாரம் கழித்து வந்த ஒப்பந்தத்தில் நான் முழுக்க அப்பாவாகியிருந்தேன். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர், ஒப்பந்தத்தில் இரட்டைப் பெயர். இரண்டும் ஒருவரே என்று யாரும் நம்பவேண்டிய கட்டாயம் இல்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. அமெரிக்க நுழைவிசைவில், குடும்பப் பெயர் வெற்றாக உள்ளவரின் சொந்தப் பெயர் குடும்பப் பெயராக நகர்த்தப்பட்டு, சொந்தப் பெயர் இருந்த இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று அச்சிடப்படுகிறது. ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ என்பதன் சுருக்கம் அது. பெற்றோர் இட்ட ஒரே பெயரை வைத்திருப்பவருக்கு, அந்தப் பெயர்தான் அறியப்படவில்லை என்று சான்று கிடைக்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டுடன் சுற்றுலா, வருகை இசைவுகளில் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்ததும், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பயணிகள் கலங்கியதும், பின்னர் கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று விளக்கம் வந்ததும் நினைவிருக்கலாம்.

‘உலக நடைமுறை அப்படி, நாம்தான் மாறவேண்டும்’ என்று என்னிடம் பலர் சொன்னார்கள். உலக நடைமுறை அப்படியில்லை. கடவுச்சீட்டுகளின் வடிவத்தை வரையறுக்கும் பன்னாட்டுக் குடிமை வான்போக்குவரத்து அமைப்பின் 9303ஆம் எண் ஆவணம் ‘குடும்பப் பெயர்’ என்று பேசுவதில்லை. ‘முதன்மை அடையாளம்’, ‘துணை அடையாளம்’ என்றே பேசுகிறது. இரண்டாகப் பிரிக்க இயலாத பெயரென்றால் முழுப் பெயரையும் முதன்மை அடையாளமாக இடலாம் என்று அதுவே வழி சொல்கிறது. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை அல்லது தாய் பெயரோடு மகன், மகள் என்ற விகுதி சேர்வதுதான் வழக்கம். அந்நாட்டுத் தொலைபேசிக் கையேடு சொந்தப் பெயரின் அகரவரிசையில் அமைந்தது. பர்மியர்களுக்கும் குடும்பப் பெயர் இல்லை. 1961 முதல் 1971 வரை ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்டின் பெயர் ‘தாண்ட்’ மட்டுமே. ‘ஊ’ என்பது மரியாதை அடைமொழி. உலகத்தின் உச்சப் பதவியில் ஒற்றைப் பெயர்க்காரர் பத்தாண்டு அமர்ந்திருக்கலாம். வலைப் படிவம் ஒன்றின் இரண்டாம் பக்கத்துக்கு அவரால் போக முடிந்திருக்காது.

நம் பெயரமைப்புக்கு வருவோம். தென்னிந்தியத் தலைப்பெழுத்து முறை ஒழுங்கற்றது அன்று. அதற்குத் தெளிவான இலக்கணம் உண்டு. தமிழ்நாட்டில் பொதுவாகத் தந்தை பெயரின் முதலெழுத்து, பிறகு சொந்தப் பெயர். நான் இப்போது வாழும் கர்நாடகத்தில் பலருக்கு ஊர்ப் பெயர், தந்தை பெயர், பிறகு சொந்தப் பெயர். எச்.டி. தேவே கௌடர் என்றால் ஹரதனஹள்ளி ஊர், தொட்டே கௌடர் தந்தை. எஸ்.எம். கிருஷ்ணா என்றால் சோமனஹள்ளி மல்லய்யா. நூலகவியலின் பெருமகனான எஸ்.ஆர். ரங்கநாதன் தஞ்சைத் தரணியின் சீர்காழியில் 1892இல் பிறந்தவர். அந்த ‘எஸ்’ ஆங்கிலேயர் வாயில் ‘ஷியாளி’ ஆகிப்போன சீர்காழியேதான். நூல்களையும் ஆசிரியர் பெயர்களையும் எப்படி வரிசைப்படுத்துவது என்பதையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டு 1934இல் பட்டியலாக்க விதிகளை நூலாக வெளியிட்டவர், பிற்காலத்தில் குடியேறி 1962இல் ஆவணவியல் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியது இதே பெங்களூருவில். பெயரின் எந்த உறுப்பு எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பது சிந்திக்கத் தகுந்த அறிவுப் பிரச்சினை என்று இந்நகரம் அறுபதாண்டுக்கு முன்பே அறிந்திருந்தது.

தமிழ்நாட்டில் அந்தக் கட்டம் வெற்றாக இருப்பதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரோடு ஒட்டியிருக்கும் சாதிப் பட்டத்தைக் கைவிடுமாறு தீர்மானம் இயற்றியது. பெரியாரே தம் பெயரின் பின்னிருந்த பட்டத்தை நீக்கினார். இரண்டு மூன்று தலைமுறைக்குள் அது ஒரு மாநிலத்தின் பொது வழக்கமாயிற்று. ஆகவே என் கடவுச்சீட்டின் வெற்றுக் கட்டத்தில் எதுவும் விடுபடவில்லை. அங்கிருந்த ஒன்று அகற்றப்பட்டது.

இதற்கு நேரெதிரான நிகழ்வு கடலுக்கு அப்பால் நடந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலும் பின்வந்த கப்பல்களிலும் நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் பட்டியல்களில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம் எனக் கட்டங்கள் இருந்தன. அங்கே தலைமுறைகள் கழிந்தபோது பலருடைய சாதிப் பட்டம் குடும்பப் பெயராக உறைந்தது. இன்றைய தென்னாப்பிரிக்காவின் கவுண்டர் ‘கோவெண்டர்’, முதலியார் ‘மூட்லி’, நாயுடு ‘நாய்டூ’, பிள்ளை ‘பில்லே’. இங்கே ஒரு மக்களியக்கம் எதை உதிர்த்ததோ, அங்கே அதுவே குடும்பப் பெயர்க் கட்டத்தில் அமர்ந்துகொண்டது. படிவம் கேட்கும் வினாவுக்கு ஏதாவது ஒன்றை விடையாக எழுதியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், கைக்குக் கிட்டிய பழைய பட்டம்தான் முதலில் வந்து நிற்கும். இன்றும் அமெரிக்கா போகும் இளைஞர் சிலர் தாத்தாவோடு போன பட்டத்தைத் தேடி எடுத்து ஒட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன். அவர்களைக் குறைசொல்வதைவிட அந்தச் சிவப்பு உடுக்குறியைக் கேள்வி கேட்பது பயன் தரும்.

சரி, சாதிப் பட்டம் வேண்டாம். அப்பா பெயரை இடலாம். எங்கே இடுவது? இரண்டு வழிகள் உள்ளன. அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இட்டால், என் கட்டுரைகள் அனைத்தும் அப்பா பெயரால் மேற்கோள் காட்டப்படும். சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இட்டு அப்பா பெயரை முற்பெயராக்கினால், வங்கியிலும் மருத்துவமனையிலும் விமான நிலையத்திலும் என்னை அப்பா பெயர் சொல்லி அழைப்பார்கள். ஒன்று அப்பா பெயரால் அழைக்கப்படவேண்டும், அல்லது அப்பா பெயரால் மேற்கோள் காட்டப்படவேண்டும். மூன்றாவது வழி படிவத்தில் இல்லை.

நம் முன்னோடிகள் இரண்டாம் வழியைத் தேர்ந்திருக்கிறார்கள். மைசூரில் பிறந்த தமிழர், மொழியியலர், அத்திப்பட்டு கிருஷ்ணசாமி ராமானுஜன் 1959இல் அமெரிக்கா சென்றார். இந்தியானா பல்கலைக்கழகத்தில் 1963இல் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றார். சிகாகோவில் பேராசிரியராக வாழ்ந்தார். உலக நூலகங்களில் அவர் ராமானுஜனாகவே வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறார். ஊரும் தந்தையும் தலைப்பெழுத்தாக முன்னே நிற்க, சொந்தப் பெயர் குடும்பப் பெயரின் இடத்தில் அமர்ந்தது. வானியற்பியலர் சுப்ரமணியன் சந்திரசேகரும் அவ்வாறே. தந்தை பெயர் முன்னே சென்றதால் ‘சந்திரசேகர் எல்லை’ அவருடைய சொந்தப் பெயரிலேயே நிலைத்தது.

நான் அப்பாவிடம் கேட்டேன். ஓசூர் சிப்காட்டில் முப்பதாண்டு கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். இரண்டு வழிகளையும் விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஏன் பாப்பா, நான் ஏர்போர்ட்டையே பார்த்ததில்ல. என் பேரச் சொல்லி அங்க கூப்பிடுவாங்களா?” என்றார். அழைப்பார்கள் என்றேன். “அப்ப அதையே வெச்சுக்க. படிச்சது நீ, அதுல எதுக்கு என் பேரு?” என்றார். மேற்கோள் முறை பற்றி நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடத் தெளிவானது இல்லை. புதிய கடவுச்சீட்டில் அப்பா முற்பெயர். நான் குடும்பப் பெயர். அது கைக்கு வர நவம்பர் ஆயிற்று. ஒப்பந்தம் ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று.

இரண்டாவது வினா, பிறப்புச் சான்றிதழ்.

நெதர்லாந்தில் நான்கு மாதத்துக்கு மேல் தங்குபவர், வந்த ஐந்து நாளுக்குள் அவ்வூர் நகராட்சியின் குடிப்பதிவேட்டில் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். அப்போதுதான் குடிமக்கள் சேவை எண் கிடைக்கும். அந்த எண்ணின்றி ஊதியக் கணக்கு, காப்பீடு என எல்லாமே சிக்கலாகும். அப்பதிவுக்கு, ‘அப்போஸ்டில்’ முத்திரை பெற்ற பிறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள். நான் எடுத்துப் பார்த்த சான்றிதழில் பிறந்த தேதி, பாலினம், தாய் தந்தை பெயர் எல்லாம் இருந்தன. குழந்தையின் பெயர் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறுமை. அன்று ஒரு பெண் குழந்தை பிறந்தது என்பதற்கு அது சான்று. அந்தக் குழந்தை நான் என்பதற்கு அன்று.

இதுவும் பரவலான நிலை. மருத்துவமனையில் பிறப்பு உடனே பதிவாகிவிடும். பெயர் சூட்டுவதோ பிறகு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 14ஆம் பிரிவில், பெயரின்றிப் பதிவான குழந்தையின் பெயரைப் பின்னர் சேர்க்க வழி செய்திருக்கிறது. விதிகளின்படி ஓராண்டு வரை கட்டணமில்லை; பதினைந்து ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பள்ளியில் சேரவும் கடவுச்சீட்டு எடுக்கவும் பள்ளிச் சான்றிதழே போதுமாக இருந்ததால், அந்த வெறுமையை யாரும் கவனிக்கவில்லை. அரசு அவ்வப்போது அளித்துவந்த கால நீட்டிப்பு ஒன்றில் நான் தப்பித்தேன்.

தப்பித்தேன் என்று சொன்னது அவசரம். பெயரைச் சேர்ப்பதற்கு அடிப்படை ஆவணம் பள்ளிச் சான்றிதழ். என் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் அதை ‘எல்’ என்ற எழுத்தால் எழுதியிருந்தார்கள். கடவுச்சீட்டில் ‘இசட்’, ‘எச்’ என்ற ஈரெழுத்து. பெங்களூருவில் முகவரி மாற்றியபோது ஆதார் அட்டையின் கன்னட வடிவில் ளகரம். அதைத் தட்டெழுதியவரைக் குறைசொல்ல மாட்டேன். பழங்கன்னடத்தில் ழகரத்துக்குத் தனியெழுத்தே இருந்தது, பிற்காலத்தில் அந்த ஒலி ளகரத்தோடு கலந்து மறைந்தது. வகுப்பில் ஒலிமாற்றத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் செய்தி, என் அடையாள அட்டையில் வந்து நின்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும், 2001இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 15919 தரமும் ழகரத்தை அடிக்கோடிட்ட ‘எல்’ எழுத்தால் குறிக்கச் சொல்கின்றன. நாட்டின் எந்த அலுவலக விசைப்பலகையிலும் அந்த எழுத்து இல்லை.

ஊர்ப் பெயர்களிலும் இதே கதைதான். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது. எழுந்த விமரிசனத்தால் சில நாளிலேயே திரும்பப் பெற்றது. பெங்களூரு 2014 நவம்பர் 1 அன்று ஆங்கிலத்திலும் ‘பெங்களூரு’ ஆனது. அதன் பெயர் தாங்கிய பழைய பல்கலைக்கழகத்தின் சான்றிதழ்கள் ‘பேங்களூர்’ என்றே வருகின்றன. எங்கள் வீட்டு நிலை இன்னும் வேடிக்கை. 1962இல் ஓசூரில் பிறந்த அப்பா சேலம் மாவட்டத்தவர். 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. ஆகவே 1997இல் ஓசூரிலேயே பிறந்த நான் தருமபுரி மாவட்டத்தவள். 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. சென்ற ஆண்டு ஓசூரிலேயே பிறந்த அண்ணன் மகள் கிருஷ்ணகிரி மாவட்டத்தவள். மூவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஆவணங்களை மட்டும் படிக்கும் அயலூர் அலுவலர் ஒருவருக்கு நாங்கள் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும் குடும்பம்.

கடைசியில் முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழி எழுதினேன்: இந்த எழுத்துக்கூட்டலில் உள்ளவரும் அந்த எழுத்துக்கூட்டலில் உள்ளவரும் ஒருவரே. விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒன்றே என்ற கூற்று ஏன் புதுச்செய்தி தருகிறது என்று ஃபிரேகெ 1892இல் எழுதிய கட்டுரையை முதுகலை முதலாண்டில் படித்திருந்தேன். நோட்டரி அலுவலகத்தில்தான் அது புரிந்தது.

மூன்றாவது வினா, முத்திரைகள். ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான எளிய வழியாக 1961இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கை இந்தியாவில் 2005 ஜூலை 14 முதல் நடப்பில் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகம் ஓர் ஆவணத்துக்கு வாங்கும் அப்போஸ்டில் கட்டணம் 50 ரூபாய்தான். ஆனால் அதற்கு முன், சான்றிதழ் எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டதோ அந்த மாநில அரசின் சான்றொப்பம் வேண்டும். பெங்களூருவில் வாழும் எனக்குப் பிறப்புச் சான்றிதழும் இளங்கலைப் பட்டமும் தமிழ்நாட்டுடையவை, முதுகலை கர்நாடகத்துடையது. பேருந்தில் சென்னைக்குப் போய்வர ஓரிரவும் ஒரு பகலும். வரிசையில் சொல்லப்படும் குறை ஒன்றைத் திருத்திவர இன்னுமோர் இரவு. தரகரிடம் கொடுத்தால் பல ஆயிரம். நான்கு முறை போனேன். பிப்ரவரியில் முடிந்தது.

நாட்டுக்கு நாடு விதியும் மாறும். இந்தியா அவ்வுடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி மறுப்புத் தெரிவித்ததால், அவ்விரு நாடுகளுக்கிடையே அப்போஸ்டில் செல்லாது. அங்கே பட்டப்படிப்புக்குச் செல்லும் இந்திய மாணவர்கள் 2022 நவம்பர் முதல் ‘ஏ.பி.எஸ்.’ எனப்படும் கல்விச் சான்று சரிபார்ப்பைத் தனியாகப் பெறவேண்டியுள்ளது. சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும்தான் உடன்படிக்கைக்குள் வந்தன. இரண்டாண்டுக்கு முன் சென்ற மூத்தவரின் அறிவுரை இன்று தவறாக இருக்கக்கூடும். சலுகைக் கடிதத்தோடு ‘எங்கள் நாட்டுக்கு இன்னின்ன ஆவணம், இன்ன வடிவில், இத்தனை மாதமாகும்’ என்று ஒரு பக்கம் இணைத்தால் என்ன குறைந்துவிடும்?

இவ்வளவுக்கும் பின் நான் போகப்போகிறேன். மேற்பார்வையாளர் இரண்டு முறை தேதியைத் தள்ளிக் கொடுத்தார். மே மாதத்தில் பணியேற்கிறேன். ஆனால் என்னோடு முதுகலை பயின்ற தோழிக்கு அப்படி நடக்கவில்லை. வேறொரு நாட்டில் முழு உதவித்தொகையுடன் முனைவர் இடம் கிடைத்திருந்தது. பட்டச் சான்றிதழில் அம்மாவின் பெயர் ஓரெழுத்து தவறாக அச்சாகியிருந்தது. அவள் படித்த பல்கலைக்கழகம் திருத்திக் கொடுக்க ஐந்து மாதம் எடுத்துக்கொண்டது. இடம் காலாவதியாயிற்று. அவள் இப்போது ஒரு பயிற்சி மையத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறாள். அவளுடைய இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. தகுதியின்மையால் நின்றவர், பணமின்மையால் நின்றவர் என்று கணக்கெடுக்கிறோம். எழுத்துப்பிழையால் நின்றவருக்குக் கட்டமே இல்லை.

இதற்குச் சொல்லப்படும் மறுப்பு ஒன்றை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். ‘போலிச் சான்றிதழ்கள் மலிந்த நாட்டில் சரிபார்ப்பு கடுமையாகத்தான் இருக்கும், நேர்மையானவர் சற்றுச் சிரமப்பட்டால் முடிந்துவிடும்’ என்கிறார்கள். சரிபார்ப்பு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேலே சொன்னவற்றில் எது போலியைத் தடுத்தது? சிவப்பு உடுக்குறி என்னைப் பொய்யான குடும்பப் பெயர் ஒன்றை எழுத வைத்தது. ஓரெழுத்துப் பிழையைத் திருத்த ஐந்து மாதம் எடுப்பதால் எந்தப் போலியும் பிடிபடுவதில்லை. போலி ஆவணம் செய்பவர் எழுத்துக்கூட்டல் பொருந்தும்படியே செய்வார். ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பது, அவை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகளால் உண்மையாக எழுதப்பட்டவை என்பதற்கே பெரும்பாலும் அடையாளம். வெளிநாடு செல்லும் உரிமை தனிமனிதச் சுதந்திரத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. அதன் பின்னரே கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. அந்த உரிமை தீர்ப்பேட்டிலிருந்து இறங்கி அலுவலகச் சாளரத்துக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே கேள்வி.

என் வேண்டுகோள்கள் சில.

பல்கலைக்கழகங்களுக்கு: மாணவர் சேரும் நாளிலேயே அவருடைய பெயரை அவர் மொழியிலும் ரோமன் எழுத்திலும் எழுதி வாங்கி, பட்டம் அச்சாகுமுன் அவரிடம் காட்டி ஒப்புதல் பெறுங்கள். திருத்தத்துக்கு முப்பது நாள் வரம்பு வையுங்கள். அயல்நாட்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திடத் தனி அலுவலகம் வைத்திருக்கிறீர்கள். அவ்வொப்பந்தங்களின்படி போகப்போகும் மாணவரின் காகிதங்களுக்கு ஓர் எழுத்தரை அமர்த்த முடியாதா?

அரசுக்கு: பிறப்புப் பதிவில் பெயர் சேர்ப்பதற்குக் காலக்கெடுவே வேண்டாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குக் கடவுச்சீட்டு முதலியவற்றில் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்று சட்டம் மாறிவிட்டது. அப்படியானால் அதில் வெற்றிடம் நிலைப்பதற்கு இனி இடமிருக்கக் கூடாது. ழகரத்தை எப்படி எழுதுவது என்ற முடிவு பெயருக்கு உரியவருடையதாக இருக்கட்டும். ஒருமுறை முடிவு செய்தால் எல்லாத் துறைகளும் அதை ஏற்கட்டும்.

அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பணிபுரியும் நம்மவர்களுக்கு: உங்கள் நிறுவனத்தின் படிவத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒற்றைப் பெயர்க்காரர் ஒருவர் அதை நிரப்ப முடியுமா? முடியாதென்றால் உங்கள் மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். உள்ளிருப்பவர் எழுதும் ஒரு கடிதம், வெளியிலிருந்து நாங்கள் எழுதும் பத்துக் கடிதங்களுக்குச் சமம்.

மாணவர்களுக்கு: எங்கும் விண்ணப்பிக்காத இந்த வாரமே நான்கு செயல்களைச் செய்துவிடுங்கள். ஒன்று, பிறப்புச் சான்றிதழை எடுத்து அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, பள்ளிச் சான்றிதழ், பட்டம், ஆதார், கடவுச்சீட்டு நான்கையும் மேசைமேல் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பெற்றோர் பெயரையும் விடாதீர்கள். மூன்று, அழைப்பதா மேற்கோளா என்பதை முதல் கட்டுரை வெளிவருமுன் முடிவு செய்யுங்கள். எந்த முடிவாயினும் ‘ஆர்க்கிட்’ எண் ஒன்றைப் பெற்றுக்கொண்டால், பெயர் மாறினாலும் கட்டுரைகள் உங்களோடு இருக்கும். நான்கு, இதைச் செய்து முடித்தவர் உங்கள் துறையில் இருந்தால் அவரைத் தேநீருக்கு அழையுங்கள். செய்து முடித்தவராக நீங்களே இருந்தால், அழைக்காமலே போய்ச் சொல்லுங்கள்.

என் ஆவணக் கோப்பின் படங்களை, எண்களை மறைத்து, எந்த அலுவலகம், எந்த வரிசை, எத்தனை நாள் என்ற குறிப்போடு கேட்பவர்க்கெல்லாம் அனுப்புகிறேன். தோழி அதைப் பார்த்துவிட்டு, இந்த முறை விண்ணப்பத்துக்கு முன்பே சான்றிதழைத் திருத்தி வைத்துவிட்டதாகச் சொன்னாள். டிசம்பரில் மீண்டும் விண்ணப்பிக்கிறாள்.

மே மாதம் கெம்பேகவுடா விமான நிலையத்தில் அப்பாவின் பெயர் ஒலிபெருக்கியில் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. தாமதமாக வருபவர்களைத்தான் பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று அவரிடம் சொல்லவில்லை. அவர் வழியனுப்ப வருகிறார். அவருக்காக ஐந்து நிமிடம் தாமதமாகப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.